நாள் குறித்த கணக்குகள் எல்லாம் பொய்த்தன. அதனால் விசுவாசமும் பொய்யா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்க்க, முதலில் அதைத் திருப்பிச் சொல்கிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா கொழுந்து எடுக்கிறார், வயது 52. டவுனில் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் கூடும் ஜெபக்குழுவில், 2028க்குள் ஆண்டவர் வந்துவிடுவார் என்று ஊழியக்காரர் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அம்மா பேரை வெட்டிக்கொண்டு, அதாவது தோட்ட வேலையிலிருந்து விலகி, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து ஊழியத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். நீங்கள் ஏ.எல். (உயர்தரம்) படிப்பதும் இனி எதற்கு என்ற பேச்சு வந்துவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் போனில் கத்துகிறார்: “இரண்டாயிரம் வருடமாக இதே கதைதான், ஒரு தடவையாவது நடந்ததா? மதமே பொய்.” இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குறித்த நாட்கள் ஏன் தவறிக்கொண்டே போகின்றன என்பது ஒன்று. அவை தவறியதால் விசுவாசத்துக்கு மதிப்பு இல்லாமல் போகிறதா என்பது மற்றது. முதலாவதில் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. இரண்டாவதில் அவர் கையிலுள்ள ஆதாரம் தாங்குவதைவிடப் பெரிய முடிவுக்குப் போகிறார். அம்மாவின் நம்பிக்கையை நான் தவறென்று சொல்லமாட்டேன், ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு தவறு. திருச்சபை வரலாறும் வேதாகம விளக்கமும் முறையாகப் படித்து, படிப்பித்து வருகிற இடத்தில் நின்று இதை எழுதுகிறேன்.

பலகையில் போட்ட கணக்கு எது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 2028 என்ற எண்ணைக் கேட்டதுமே அது வந்த வழி தெரிகிறது. மத்தேயு 24:32இல் அத்திமரம் துளிர்விடுவதை இயேசு உவமையாகச் சொல்கிறார். அந்த அத்திமரம் இஸ்ரவேல் தேசம் என்பது முதல் கணு. அது துளிர்த்தது 1948 மே 14, இஸ்ரவேல் நாடாக அறிவிக்கப்பட்ட நாள் என்பது இரண்டாம் கணு. “இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது” என்று 34ஆம் வசனம் சொல்வதால் ஒரு சந்ததிக்குள் எல்லாம் முடியும் என்பது மூன்றாம் கணு. சங்கீதம் 90:10 மனிதனின் ஆயுசு எழுபது, பெலத்தின் மிகுதியால் எண்பது என்று சொல்வதால் ஒரு சந்ததி 80 வருடம் என்பது நான்காம் கணு. 1948உடன் 80ஐக் கூட்டினால் 2028.

ஒவ்வொரு கணுவையும் தட்டிப் பாருங்கள். இதே உவமையை லூக்கா 21:29 எப்படிச் சொல்கிறது? “அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்” என்கிறது. அத்திமரம் இஸ்ரவேல் என்றால் மற்ற மரங்கள் எந்தெந்த நாடுகள்? உவமை சொல்வது துளிர் வந்தால் வசந்தம் கிட்டுகிறது என்பதை மட்டுமே. அடுத்து, சங்கீதம் 90 பேசுவது ஒரு தனி மனிதன் எத்தனை வருடம் இருப்பான் என்பதைப் பற்றி. சந்ததிக்கு அங்கே அளவு கொடுக்கப்படவில்லை. வனாந்தரத்தில் அழிந்த சந்ததியை வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள் 40 வருடம் என்றார்கள், 1988 வந்தது. அமெரிக்காவில் எட்கர் விசெனன்ட் என்ற முன்னாள் பொறியியலாளர் 1988 செப்டெம்பர் 11 முதல் 13 வரை என்று நாளே குறித்தார். அது போனதும் அடுத்த வருடம் என்றார். பிறகு 70 வருடம் என்று எடுத்தவர்களுக்கு 2018 வந்தது. இப்போது 80 வந்திருக்கிறது. 2028உம் கடந்தால், ஆதியாகமம் 15:16ஐக் காட்டி ஒரு தலைமுறை 100 வருடம் என்று 2048க்குப் போக வழி திறந்தே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கைப் போடுகிற பலர், ஏழு வருட உபத்திரவ காலம் வரும், அதற்கு முன்பே சபை, அதாவது உண்மை விசுவாசிகள், வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்றும் போதிக்கிறார்கள். முடிவு 2028 என்றால் அதில் ஏழைக் கழிக்க வேண்டும். அப்படியானால் சபை எடுத்துக்கொள்ளப்பட்டிருக்க வேண்டிய வருடம் 2021. அது போய்விட்டது. அம்மாவின் ஊழியக்காரர் ஏழு வருடத்தையும் போதிக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். போதிக்கிறார் என்றால், அவர் கணக்கு அவர் பலகையிலேயே ஏற்கெனவே பிழைத்துவிட்டது.

நாள் குறித்தவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். வில்லியம் மில்லர் அமெரிக்காவில் பப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஒரு விவசாயி, நேர்மையானவர். தானியேல் 8:14இல் வரும் 2300 நாட்களை 2300 வருடங்களாக எடுத்தார். எண்ணாகமம் 14:34இலும் எசேக்கியேல் 4:6இலும் ஒரு நாள் ஒரு வருடத்துக்குச் சமமாகச் சொல்லப்படுவதுதான் அவருக்கு ஆதாரம். பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் கட்டளை வெளியான கி.மு. 457இலிருந்து எண்ணி 1843 என்றார். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, இடையில் பூச்சிய வருடம் இல்லை என்பது பிறகுதான் கணக்கில் சேர்ந்தது, அதனால் 1844 ஆயிற்று. கடைசியில் 1844 ஒக்டோபர் 22 என்று நாள் முடிவானது. ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். தோட்டத்து உருளைக்கிழங்கைத் தோண்டாமல் மண்ணிலேயே விட்டவர்களும் இருந்தார்கள். நுவரெலியாவில் கிழங்கு போடுகிறவர்களிடம் கேளுங்கள், முற்றிய கிழங்கைத் தோண்டாமல் விடுவதென்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்வார்கள். மறுநாள் விடிந்தது. வரலாறு அதைப் பெரும் ஏமாற்றம் என்றே பெயரிட்டு வைத்திருக்கிறது.

யெகோவாவின் சாட்சிகள் இயக்கம் சொல்லும் 1914 என்ற வருடமும் இப்படித்தான் வந்தது. தானியேல் 4இல் வரும் ஏழு காலங்களை, ஒரு காலம் 360 நாள் என்று வைத்துப் பெருக்கினால் 2520 நாள், நாளை வருடமாக்கினால் 2520 வருடம். கி.மு. 607இல் எருசலேம் பாபிலோனிடம் விழுந்தது என்று வைத்து எண்ணினால் 1914. ஆனால் எருசலேம் விழுந்தது கி.மு. 587 அல்லது 586 என்பதே வரலாற்று ஆய்வாளர்களின் முடிவு, தொடக்கத்திலேயே இருபது வருடம் பிசகு. அதே இயக்கம் பிறகு 1925ஐயும் 1975ஐயும் எதிர்பார்த்தது. ஹரல்ட் கம்பிங் என்ற வானொலிப் போதகர் நோவாவின் வெள்ளத்தைக் கி.மு. 4990 என்று வைத்து, அதிலிருந்து 7000 வருடம் எண்ணி 2011 மே 21 என்றார். அதற்கு முன்பே 1994 என்று சொல்லித் தவறியவர் அவர். மே 21 கடந்ததும் ஒக்டோபர் 21 என்றார். நியூயோர்க்கில் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர் ஒருவர் அந்தச் செய்தியை விளம்பரப்படுத்தத் தன் சேமிப்பில் 140,000 டொலரைச் செலவழித்திருந்தார். 2012 மார்ச்சில் கம்பிங் நாள் குறித்தது பாவம் என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். அந்த ஊழியரின் காசு போனது போனதுதான்.

இந்தக் கணக்குகளின் பொதுப் பிழை கூட்டல் கழித்தலில் இல்லை. கூட்டல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், கேட்பவர்களை மயக்குவதும் அதுதான். எந்த வருடத்தில் தொடங்குவது, எந்த எண்ணை எடுப்பது, ஒரு நாளை எப்போது வருடமாக்குவது என்ற தெரிவுகளிலேயே பிழை ஒளிந்திருக்கிறது. இவற்றை வேதாகமம் எங்கும் கட்டளையாகத் தரவில்லை, கணக்குப் போடுகிறவர் எடுக்கிறார். அவர் எடுக்கிற தெரிவுகள் ஏறக்குறைய எப்போதுமே அவருடைய ஆயுசுக்குள் வந்து விழுகிற ஒரு வருடத்தையே தருகின்றன.

இது புதிய நோயும் அல்ல. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஹிப்பொலித்து என்ற இறையியலாளர், உலகம் படைக்கப்பட்டு 5500ஆம் வருடத்தில் கிறிஸ்து பிறந்தார், 6000ஆம் வருடத்தில் முடிவு என்று கணித்தார். அதன்படி முடிவு கி.பி. 500. பிறகு வந்த பீட் என்ற துறவி படைப்பைக் கி.மு. 3952 என்று மாற்றிக் கணித்தார், முடிவு தானாகவே பல நூற்றாண்டு தள்ளிப்போனது. அஷர் என்ற பேராயரின் கி.மு. 4004ஐ எடுத்தால் 6000 வருடம் 1997இல் நிறைந்திருக்க வேண்டும். 1533இல் மிக்கேல் ஸ்டிஃபல், மார்ட்டின் லூதரின் நண்பர், ஒக்டோபர் 19 காலை 8 மணி என்று மணி வரை குறித்தார். அவரை நம்பிய குடியானவர்கள் வேலையை விட்டார்கள், உடைமைகளைத் தீர்த்தார்கள். காலை எட்டு மணி வந்து போயிற்று, அவர் சிறையில் வைக்கப்பட்டார். அதற்குப் பிறகு நாள் குறிப்பதை விட்டு, கணிதத்தில் உண்மையாகவே பெரிய வேலை செய்தார்.

அண்ணனுக்கு இது தெரிய வேண்டும்: இவர்களை முதலில் மறுத்தவர்களும் கிறிஸ்தவர்களே. கி.பி. 5ஆம் நூற்றாண்டிலேயே புனித அகுஸ்தினார், வருடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள் தங்கள் விரல்களைத் தளர்த்திக்கொள்ளட்டும் என்று அப்போஸ்தலர் 1:7ஐ வைத்து எழுதினார். 1516இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஐந்தாம் லாத்தரன் சங்கம், முடிவுக்கு நாள் குறித்துப் பிரசங்கிப்பதைத் தடை செய்தது. ஆக, நாள் குறிப்பதைக் கிறிஸ்தவம் என்று எடுத்துக்கொண்டு மறுப்பவர், அந்த மதத்துக்குள்ளேயே நடந்த நீண்ட வாதத்தில் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி, உறுதி என்று பலர் சொல்லிக்கொள்ளும் இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். கி.பி. 1000இல் ஐரோப்பா முழுவதும் பயத்தில் நடுங்கியது என்பது ஒன்று. அந்தச் சித்திரத்தில் பெரும்பகுதி பல நூற்றாண்டுக்குப் பிந்திய எழுத்தாளர்கள் தீட்டியது, ஆய்வாளர்கள் இன்றும் அதில் உடன்படவில்லை. மற்றது, நாள் தவறினால் விசுவாசிகள் முன்னைவிட உறுதியாகிப் பிரசாரத்தில் இறங்குவார்கள் என்ற கருத்து. 1954 டிசெம்பர் 21இல் வெள்ளம் வரும் என்று நம்பிய ஒரு சிறு அமெரிக்கக் குழுவுக்குள், உறுப்பினர்போல் நடித்து நுழைந்த ஆய்வாளர்கள் 1956இல் அப்படி எழுதினார்கள். பத்துப் பதினைந்து பேர் உள்ள குழுவில் வேவு பார்க்க வந்தவர்களே சிலர் என்றால், நடந்ததில் அவர்களுடைய பங்கு எவ்வளவு என்ற கேள்வி வருகிறது. சில வருடம் கழித்து, அணுகுண்டுப் பேரழிவை எதிர்பார்த்து 42 நாள் நிலத்தடியில் இருந்துவிட்டு வெளியே வந்த ஒரு சபையார் அப்படிப் பிரசாரம் எதுவும் செய்யவில்லை. ஆகவே, நாள் தவறிய பிறகு அம்மா எப்படி நடந்துகொள்வார் என்று இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது.

இனி வசனத்துக்கு வருவோம். அம்மாவோடு உட்காரும்போது அதுதான் உதவும். “அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்” என்கிறது மத்தேயு 24:36. நாளும் நாழிகையும் தெரியாது, வருடம் தெரியலாமே என்று சிலர் சுற்றிவளைப்பார்கள். அதற்கு அப்போஸ்தலர் 1:7 பதில்: காலங்களையும் வேளைகளையும் அறிவது “உங்களுக்கு அடுத்ததல்ல.” இவற்றைவிட நேரடியானது லூக்கா 21:8. அநேகர் வந்து காலம் சமீபித்தது என்பார்கள், அவர்களைப் பின்பற்றாதிருங்கள் என்று இயேசுவே சொல்கிறார். உபாகமம் 18:22 சோதனையையும் தருகிறது: தீர்க்கதரிசி கர்த்தரின் நாமத்தில் சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொன்னதல்ல, “அவனுக்கு நீ பயப்படவேண்டாம்.” அந்தக் கடைசி வார்த்தையை அம்மா தன் வாயாலேயே வாசிக்கட்டும். குறித்த நாளைச் சந்தேகிப்பது ஆண்டவரைச் சந்தேகிப்பதுபோல் அவருக்குத் தோன்றலாம், பலரைக் கட்டிப்போடுவது அந்தப் பயம்தான்.

அண்ணனின் கையிலுள்ள மிகக் கூர்மையான ஆயுதம் மில்லரும் அல்ல, கம்பிங்கும் அல்ல. அது “இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது” என்ற இயேசுவின் வார்த்தைதான். பவுலும் 1 தெசலோனிக்கேயர் 4இல், கர்த்தர் வரும்போது உயிரோடிருப்பவர்களில் தன்னையும் சேர்த்து “நாம்” என்றே எழுதுகிறார். முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் முடிவை மிக அருகில் எதிர்பார்த்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு: கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்ததைப் பற்றியே அந்த வார்த்தை பேசுகிறது என்பது ஒன்று, சந்ததி என்பது யூத இனத்தைக் குறிக்கிறது என்பது ஒன்று, எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, சபை அதோடு வாழப் பழகிக்கொண்டது என்பது ஒன்று. இரண்டாவது மொழிக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. முதலாவது அந்த அதிகாரத்தின் ஒரு பகுதிக்கு நன்றாகப் பொருந்துகிறது, முழுவதற்கும் அல்ல. மூன்றாவதில் உண்மை இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற விசுவாசிகளும் இருக்கிறார்கள். 2 பேதுரு 3ஆம் அதிகாரமே, “அவர் வருவார் என்று சொல்லுகிற வாக்குத்தத்தம் எங்கே” என்று கேட்டவர்களுக்குப் பதிலாக எழுதப்பட்டது. கேள்வி அவ்வளவு பழையது. இதை மூடி மறைக்கிற போதகரைவிட, கஷ்டமான கேள்விதான் என்று சொல்கிற போதகரை நம்புங்கள்.

தவறிய நாட்கள் எதை நிரூபிக்கின்றன? வசனத்தை எண்ணாக்கிக் காலத்தைக் கண்டுபிடிக்கும் முறை பயனற்றது என்பதை. எனக்குத் தெரியும் என்று அடித்துச் சொன்னவருக்குத் தெரியாது என்பதை. கடவுள் இல்லை என்பதை அவை நிரூபிக்கவில்லை, அந்தக் கேள்விக்கு இந்தக் கணக்குகள் சாட்சியே அல்ல. அநியாயம் கடைசி வார்த்தையாக இராது என்ற நம்பிக்கையையும் அவை தொடவில்லை, ஏனென்றால் அந்த நம்பிக்கை தேதியோடு வரவில்லை. ஆனால் விசுவாசிகளும் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. சோதித்துப் பார்க்க முடியாதது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. அண்ணன் அந்த இடத்தில் பிடித்தால் அவர் பிடி நியாயமானது.

எச்சரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று மலையகத்தில் நமக்குத் தெரியும். மழைக்காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையை எடுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றாலோ ஒரே மணி நேரத்தில் 75 என்றாலோ வெளியேற வேண்டும். எதை அளந்தோம், எந்தப் பகுதிக்கு, என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. மழை விட்டால் எச்சரிக்கையை எடுத்துவிடுகிறார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது, மாற்று இடம்தான் அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை. தேதி குறிக்கிற பிரசங்கம், பேரழிவு ஒவ்வொன்றையும் அடையாளம் என்று எண்ணிவிட்டு, அடுத்த மழைக்கு எங்கே போய்ப் படுப்பது என்று சொல்லாமல் போகிறது. செத்தவர்களின் பாவத்தைப் பற்றிய பேச்சும் அதோடு வந்தால் லூக்கா 13:4ஐக் காட்டுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொல்கிறார்.

விசுவாசத்தின் மதிப்பைப் பற்றி அண்ணனிடம் பேசும்போது, அம்மா அந்த மாடி அறைக்கு ஏன் போகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். விடிய, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று, கணக்கப்பிள்ளை கூப்பிடுகிறபோது மட்டும் தன் பெயரைக் கேட்கிற ஒரு பெண்ணை, அங்கே ஒருவர் “சகோதரி” என்று கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். செத்த வீட்டுக்குக் குழுவாக வந்து இரவு முழுக்க இருக்கிறார்கள், அரிசியும் தேங்காயும் கொண்டுவருகிறார்கள். கசிப்பை, அதாவது கள்ளச் சாராயத்தை, விட்ட ஆண்கள் அப்படிப்பட்ட குழுக்களில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இரவில் பயமில்லாமல் தூங்குகிறார்கள். பிரித்தானியர் காலத்தில் 1854இல் தொடங்கிய தோட்டத் தமிழ் மிஷன் எழுத்தறிவைக் கொண்டுவந்தது, அதிகாரத்தோடு ஒத்துப்போன குறையும் அதற்கு உண்டு. 1972இல் கண்டியில் சத்யோதயத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், குடியுரிமை இழந்து நின்ற தோட்ட மக்களுக்காகப் பல பத்தாண்டு உழைத்தார். இறைவனின் ஆட்சி வரும் என்ற அதே நம்பிக்கை அவரைத் தேதி எண்ண வைக்கவில்லை, லயத்துக்குக் கொண்டுவந்தது.

ஆய்வு ஒன்றையும் சொல்கிறேன், அளவோடு. அமெரிக்கத் தாதியர் 74,534 பேரைத் தொடர்ந்து அவதானித்து 2016இல் வெளியான ஆய்வில், வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்களிடம், அந்தக் காலத்தில் இறந்தவர்களின் விகிதம் போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. சம்பளமும் படிப்பும் உள்ள அமெரிக்கப் பெண்களைப் பற்றிய தரவு அது. கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. நன்மை தருவது விசுவாசமா, கூடிவருகிற உறவா என்பதும் தெளிவில்லை. நன்மை தருவதால் ஒரு போதனை உண்மையாகிவிடாது, ஊழியக்காரர் அன்பானவர் என்பதால் 2028 சரியாகிவிடாது.

1844இன் பெரும் ஏமாற்றத்துக்குப் பிறகு பலர் விட்டுப் போனார்கள். நின்றவர்களில் ஒரு பகுதியினர் 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தார்கள். கிறிஸ்து வருவார் என்று இன்றும் போதிக்கிறார்கள், நாள் குறிப்பதில்லை. அவர்கள் உலகெங்கும் கட்டியவை பாடசாலைகளும் வைத்தியசாலைகளும். கண்டி மாவட்டத்தில் மயிலப்பிட்டியிலுள்ள லக்பஹான கல்லூரி அவர்களுடையதுதான். வருகையை எதிர்பார்க்கிற ஒரு சபையே பிள்ளைகளைப் படிக்கவைக்கிறது என்றால், நீங்கள் ஏ.எல். எழுதுவது அம்மாவின் விசுவாசத்துக்கு எப்படி விரோதமாகும்? இதை அவரிடம் அப்படியே கேளுங்கள்.

அம்மாவோடு பேசும்போது மற்றவர்கள் முன்னால் பேசாதீர்கள், சிரிக்காதீர்கள். கணக்கை உடைப்பதில் தொடங்காமல், 2 தெசலோனிக்கேயர் 2ஆம், 3ஆம் அதிகாரங்களைச் சேர்ந்து வாசியுங்கள். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சால் கலங்கி, வேலையை விட்டுத் திரிந்தவர்கள் அந்தச் சபையிலும் இருந்தார்கள். “ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது” என்று பவுல் எழுதியது அந்தச் சபைக்குத்தான். பிறகு ஒரு கடதாசியில் குறித்த வருடத்தையும், அது கடந்தால் என்ன நினைப்பேன் என்பதையும் அம்மா தன் கையாலேயே எழுதி வேதாகமத்துக்குள் வைக்கட்டும். இது அவரை மடக்குவதற்கு அல்ல. நாள் போனபின் ஊழியக்காரர் விளக்கத்தை மாற்றினால், முதலில் சொன்னது எது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

காசு விடயத்தில் பொறுக்க முடியாது. 50 வயதைத் தாண்டிய பெண் என்பதால் ஈ.பி.எப். பெற அம்மாவுக்கு உரிமை உண்டு. உங்கள் எதிர்ப்பால் அது நிற்காது, அவருடைய சம்மதத்தால்தான் நிற்கும். அவர் சம்பளத்தில் 8 சதவீதமும் தோட்டம் போட்ட 12 சதவீதமும் சேர்ந்த தொகை அது, ஒரு முறை போனால் இன்னொரு முறை சேராது. பேரை வெட்டினால் பணிக்கொடை சேர்வதும் அன்றோடு நிற்கும், நாட்சம்பளக்காரருக்கு அது சேவை வருடம் ஒன்றுக்கு 14 நாட் சம்பளம். சில தோட்டங்களில் லய அறையில் இருப்பதும் வீட்டில் ஒருவர் அங்கே வேலை செய்வதோடு கட்டுப்பட்டிருக்கிறது. எனவே அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: காசை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அவர் பெயரிலேயே நிலையான வைப்பில் போட்டு, குறித்த வருடத்துக்குப் பிறகு முதிர்கிறமாதிரி வைக்கட்டும். ஆண்டவர் அதற்குள் வந்தால் அந்தக் காசு யாருக்கும் தேவைப்படாது, ஊழியத்துக்கும் தேவைப்படாது. வராவிட்டால் காசு இருக்கும். காணிக்கையை மாதச் சம்பளத்திலிருந்து கொடுக்கட்டும், வைப்பிலுள்ள காசில் கை வைக்க வேண்டாம்.

கொரியாவில் 1992 ஒக்டோபர் 28 என்று நாள் குறித்த குழுவின் தலைவர், விசுவாசிகள் வீட்டையும் வேலையையும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, 1995இல் முதிர்கிற பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார். மோசடிக்காக அவர் சிறைக்குப் போனார். உங்கள் ஊழியக்காரரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அவர் மாடி அறையை எத்தனை வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார், தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாரா, வாங்குகிற காசுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளைகளைக் கத்தரித்துவிட்ட, தேயிலை சில மாதம் கொழுந்து தராது, பிறகு வரும் வருடங்களை நம்பித்தான் மலையை வெட்டுகிறார்கள். ஒருவர் தன் வீட்டில் எதைக் கவ்வாத்து வெட்டி வைத்திருக்கிறார் என்பதிலிருந்து அவர் எத்தனை வருடம் எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு பிரஷர், சீனி மருந்துகள் இருந்தால், கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியையும் மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தினால் வாதத்துக்கு இடமில்லை, உடனே தோட்ட வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். அண்ணனைக் கத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் கத்தும்போதெல்லாம், துன்பப்படுத்தப்படுவோம் என்று முன்பே சொல்லப்பட்டது என்ற வசனம்தான் அம்மாவுக்கு நினைவு வரும். அடுத்த முறை லீவில் வரும்போது, 80 வருடக் கணக்கின் நான்கு கணுக்களையும் அவர் அமைதியாகப் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும்.

நாள் கடந்த பிறகுதான் அதிக ஆபத்து. வேறு நாள் குறிப்பார்கள், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்பார்கள், அல்லது உங்கள் விசுவாசக் குறைவால்தான் தாமதம் என்பார்கள். மூன்றாவது அம்மாவை உடைக்கக்கூடியது. அந்த வாரம் அவரைத் தனியாக விடாதீர்கள், சொன்னோமே என்று யாரும் சொல்ல வேண்டாம். சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, உயிரோடிருந்து என்ன என்று பேசினாலோ 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. பழைய சபையிலிருந்து அம்மா மதிக்கிற ஒரு போதகரையோ உபதேசியாரையோ இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குத் தேடக் கூடாது.

நீங்கள் அந்தக் குழுவுக்குத் தொடர்ந்து போகலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். போங்கள், அம்மாவின் பக்கத்தில் இருங்கள். ஆனால் ஊழியக்காரரிடம் ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள்: “ஐயா, 2029 ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனையில் நீங்கள் என்ன பிரசங்கிப்பீர்கள்?” கோபப்பட்டால் காணிக்கைப் பையோடு சேர்த்து நீங்களும் தள்ளி இருங்கள். யோசிக்கிறார் என்றால் லூக்கா 21:8ஐ அவரோடும் சேர்ந்து வாசிக்கலாம்.